வீடியோ கேமில் அரசுக்கு என்ன வேலை?

கேள்வி (2025 நவம்பர் 8)

"கேம் ஆடுவது அவரவர் விருப்பம். பிள்ளை அளவுக்கு மீறி ஆடினால் பெற்றோர் கண்டிக்கட்டும். கம்பெனி ஏமாற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள், தானாகத் திருந்தும். இதில் அரசு எங்கே வந்தது? தொழில்நுட்பம் தெரியாதவர்கள் போடும் சட்டம் எப்போதும் சொதப்பத்தான் செய்யும். மறுக்கிறவர் உண்டா?"

நவம்பர் 8, இரவு

பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி மறுக்கிறேன். ஒத்துக்கொள்ளும் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்கள் போடும் சட்டம் சொதப்பும் என்பதற்குத் தென்கொரியா ஒன்றே போதும். 2011 நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது, சர்வரே உள்ளே விடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அம்மா அப்பாவின் குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நாளில் எல்லோர் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, சட்டமோ கம்ப்யூட்டர் கேமையே காவல் காத்துக்கொண்டிருந்தது. பத்து வருடம் இழுத்துவிட்டு, 2022 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

சீனா இன்னும் கடுமை. 2019-இல் சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். 2021-இல் அதையும் சுருக்கி வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று ஆக்கினார்கள். 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பதினேழு வயதுப் பையனுக்கும் ஒரே ஒரு மணி நேரம்!

நானும் பதினைந்து வயதில் மானிட்டர் வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாதபடி போர்வையைத் தொங்கவிட்டு ஆடியவன்தான். அப்பாவின் எண் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒருநாள் இரவு அப்பா எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுல என்ன பண்ணணும், சொல்லு" என்றார். ஒரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை எங்களால் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. ஆக, நேரம் பெற்றோர் கையில் என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

நவம்பர் 9

ரத்தம், வன்முறை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதிலும் சட்டம் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் இதற்காகவே விசாரணை வைத்தார்கள். மாட்டியது மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் என்ற இரண்டு கேம்கள். அந்த மார்ட்டல் காம்பாட்டின் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கான பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியிருந்தார்கள். குத்து விழும், வியர்வை தெறிக்கும். போட்டிக் கருவியான செகாவின் பதிப்பில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தினால் ரத்தம் வந்துவிடும். அந்த வரிசையைத் தெரிந்து வைத்திருந்த பையனுக்கு நண்பர்கள் மத்தியில் தனி மரியாதை.

சட்டம் வந்துவிடுமோ என்ற பயத்தில் தொழில்துறையே 1994-இல் ஈஎஸ்ஆர்பி என்ற வயதுத் தரச்சான்று அமைப்பைத் தொடங்கியது. இன்றைக்கும் அட்டையில் நாம் பார்க்கும் 'டீன்', 'மெச்சூர்' எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். பிறகு கலிபோர்னியா, வன்முறைக் கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதை 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள பேச்சுரிமைப் பாதுகாப்பு கேமுக்கும் உண்டு என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம்.

நவம்பர் 9, மாலை

"அப்படியானால் நீங்கள் மறுக்கும் பாதி எது?"

பணம். விரிவாக எழுத வேண்டும், இரண்டு நாள் கொடுங்கள்.

நவம்பர் 12

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் ஒரு சின்ன மொபைல் கேம் குழுவில் இரண்டு வருடம் வேலை செய்தேன். கேம் இலவசம். என் பொறுப்பு ஒன்றே ஒன்று: பெட்டி திறக்கும் திரை. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, லூட் பாக்ஸ். சிலர் காச்சா என்பார்கள்.

பெட்டியைத் தொட்டதும் அது மூன்று முறை குலுங்கும். மூன்றாவது குலுக்கலில் மூடியின் இடுக்கில் வெளிச்சம் கசியும். வெளிச்சம் வெள்ளையில் தொடங்கி நீலமாகி, ஊதாவாகி நிற்கும். அபூர்வப் பொருள் வரும்போது மட்டும் பொன்னிறம். ஊதாவுக்கும் பொன்னுக்கும் நடுவே ஒரு கணம் திரையில் ஒரு மினுக்கல் வைக்கச் சொன்னார்கள். பொன் வரப்போகிறது என்று தோன்றும், ஆனால் ஊதாவிலேயே நின்றுவிடும். அந்த மினுக்கலை வைத்தவன் நான். பெட்டியில் என்ன வரப்போகிறது என்பதைத் தொட்ட அந்த நொடியிலேயே சர்வர் முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு திரையில் நடப்பதெல்லாம் காட்சி. மினுக்கல் வைத்த பதிப்பையும் வைக்காத பதிப்பையும் ஆடுபவர்களுக்குப் பாதிப் பாதியாக அனுப்பிப் பார்த்தோம். வைத்த பதிப்பில் அடுத்த பெட்டியை உடனே வாங்கியவர்கள் அதிகம். அன்று மாலை குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இன்னொன்று. பெட்டியை நேரடிப் பணத்தில் வாங்க முடியாது. முதலில் ரத்தினக் கற்கள் வாங்க வேண்டும், கற்களைக் கொடுத்துத்தான் பெட்டி. ஒரு பொதியில் 500 கல், ஒரு பெட்டிக்கு 600 கல். ஒரு பொதி வாங்கினால் பெட்டி கிடைக்காது. இரண்டு வாங்கினால் 400 கல் மிஞ்சும். மிஞ்சியது வீணாகக் கூடாது என்று இன்னொரு பொதி. தற்செயலாக அமைந்த கணக்கு இல்லை இது.

நாங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம், பிறந்தநாள் கொண்டாடுவோம், ஒருவர் வீட்டில் கஷ்டம் என்றால் எல்லோரும் போய் நிற்போம். வாராவாரம் ஒரு எண்ணை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினோம். அதனால்தான் 'கம்பெனி தானாகத் திருந்தும்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே இருப்பவர்கள் திருந்த வேண்டும் என்று நினைத்தாலும், அடுத்த வாரம் எண் இறங்கினால் அந்த நினைப்பு நிற்காது. வெளியிலிருந்து யாராவது 'இதைச் செய்யக் கூடாது' என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னால், அந்த மினுக்கலை வைக்க மாட்டேன் என்று சொல்லும் பையனுக்குப் பக்கபலம் இருக்கும்.

நவம்பர் 13

நேற்றைய குறிப்புக்கு வந்த நியாயமான கேள்வி: "படம் சேர்க்கும் அட்டைப் பொட்டலம் எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது! அதுவும் அதிர்ஷ்டம்தானே?"

ஆமாம், நானும் சேர்த்தவன். ஆனால் அட்டைப் பொட்டலத்துக்கு என்னைத் தெரியாது. நான் எத்தனை நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை, போன தடவை எதில் தோற்று எரிச்சலில் இருந்தேன், எந்த நேரத்தில் என் கை தாராளம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எங்கள் சர்வருக்குத் தெரியும். மூன்று நாள் வராதவருக்கு ஒரு சலுகை, ஒரே கட்டத்தில் நான்கு முறை தோற்றவருக்கு இன்னொரு சலுகை என்று அதுவே அனுப்பும். அப்புறம், அட்டை இரண்டாக வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். இங்கே பெரும்பாலும் அதுவும் முடியாது.

இதில் அரசுகள் நன்றாகவே செய்த வேலையும் உண்டு. ஜப்பானில் 'கொம்ப்பு காச்சா' என்று ஒரு முறை இருந்தது. குலுக்கலில் வரும் சில பொருட்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரிய பரிசு. ஐந்தில் நான்கு வந்துவிட்டால் ஐந்தாவதுக்காக மனிதன் எவ்வளவும் கொட்டுவான், ஏற்கெனவே வந்தவையே திரும்பத் திரும்ப வரும். 2012 மே மாதம் அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை இது சட்டவிரோதம் என்று அறிவித்தது. கேமைத் தடை செய்யவில்லை, காச்சாவையே முழுதாகத் தடை செய்யவும் இல்லை. ஆளை உறிஞ்சும் அந்த ஒரு முறையை மட்டும் பிடித்து நிறுத்தியது. தொழில் அப்படியொன்றும் சாய்ந்துவிடவில்லை.

2018-இல் பெல்ஜியம் லூட் பாக்ஸையே தடை செய்தது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தோன்றவில்லை. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வரும் என்று அச்சிட்டுக் காட்டினால் போதும், மீதியை ஆடுகிறவர் பார்த்துக்கொள்வார்.

நவம்பர் 13, இரவு

திருத்தம். பெல்ஜியம் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த சூதாட்டச் சட்டத்தை வைத்து, அங்குள்ள சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆகிய கேம்களின் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018 ஏப்ரலில் சொன்னது. நெதர்லாந்திலும் ஃபிஃபா கேமின் பெட்டிகளுக்காக இஏ நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள். ஆனால் 2022 மார்ச்சில் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது: பெட்டி கேமின் ஒரு பகுதி, தனியான சூதாட்டம் இல்லை என்று. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே கேம், இரண்டு முடிவு.

நவம்பர் 18

'அச்சிட்டுக் காட்டினால் போதும்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். பன்னிரண்டு வயது. அவன் ஆடும் கேமில் ஒரு வாள், 1 சதவீத வாய்ப்பு. விகிதம் திரையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திறந்த பெட்டிகளுக்குக் கோடு போட்டு வைத்திருந்தான், ஐந்து ஐந்தாக. நான் பார்க்கும்போது 74 கோடு.

"இன்னும் 26-தான் மாமா. நூறாவதுக்குள்ள கண்டிப்பா வந்துடும்."

"யாருடா சொன்னது?"

"ஒரு சதவீதம்னா நூத்துக்கு ஒண்ணுதானே?"

படித்த பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் வராமல் போக 99 சதவீதம். அதை நூறு முறை பெருக்கினால் சுமார் 37 சதவீதம். அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால் ஏறத்தாழ 37 பேர் வாள் கிடைக்காமல் நிற்பார்கள். 95 சதவீதம் நிச்சயம் வேண்டுமென்றால் 299 பெட்டி. அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த 74 கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் அந்தப் பெட்டியைச் செய்தவன் மாதிரி எனக்கு இருந்தது.

ஆக, '1 சதவீதம்' என்று எழுதுவது உண்மை, ஆனால் அது போய்ச் சேர வேண்டியவனிடம் சேரவில்லை. 'ஆளுக்கு நூறு பெட்டி திறந்த நூறு பேரில் சுமார் 37 பேருக்கு இது கிடைக்காது' என்று எழுதச் சொல்ல வேண்டும்.

அச்சிட்ட விகிதம் உண்மையா என்பதும் தனிக் கேள்வி. தென்கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி என்ற கேமின் விவகாரம் இதற்குப் பெரிய பாடம். 'கியூப்' என்ற பொருளை வாங்கி ஆயுதத்தின் திறனை மாற்றிக்கொள்ளலாம். பலரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் வரவே வராதபடி வாய்ப்பைப் பூஜ்யமாக்கியிருந்தது நிறுவனம், ஆடுபவர்களிடம் சொல்லாமலே. வராத ஒன்றுக்காக ஜனங்கள் வருடக்கணக்கில் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே ஆண்டு மார்ச்சில் விகிதத்தை வெளியிடுவது கட்டாயமானது. நள்ளிரவுச் சட்டத்தில் சொதப்பிய அதே நாடுதான்! பிள்ளைகள் தூங்கும் நேரத்தைப் பிடிக்கப் போய் தோற்றவர்கள், கல்லாவைத் திறந்து பார்த்தபோது ஜெயித்தார்கள்.

நவம்பர் 18, சற்று நேரம் கழித்து

கேட்டவருக்கு: ஆமாம், 74 பெட்டிக்கும் காசு போனது. அக்காவின் கார்டு போனில் சேமித்து இருந்தது. வீட்டு வாடகையில் பாதிக்கு மேல். அக்கா அவனைத் திட்டவில்லை, என்னைத்தான் போனில் பிடித்துக்கொண்டாள்: "நீ இந்த வேலைதானேடா பார்த்த? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அந்தக் கேள்விதான் இதையெல்லாம் எழுத வைக்கிறது.

நவம்பர் 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 எடுத்துக்காட்டு சொல்கிறார். 2017 நவம்பரில் காசுக்கு வாங்கிய கேமுக்குள்ளே பெட்டியை வைத்து, ஆடுபவர்கள் கொதித்தெழுந்ததும், வெளியீட்டுக்கு முந்தைய நாள் இஏ நிறுவனம் காசு வாங்கும் வசதியையே நிறுத்தியது. சட்டம் இல்லாமல் சந்தையே திருத்தியது என்கிறார்.

உண்மைதான். எனக்கும் அன்று மிகுந்த சந்தோஷம். இரண்டு நாள் இதை யோசித்தேன். அன்று கத்தியவர்கள் யார்? முழு விலை கொடுத்து வாங்கிய பெரியவர்கள், கணக்கு வைத்துப் பேசத் தெரிந்தவர்கள், ஒரே இடத்தில் கூடியவர்கள். இலவசக் கேம் ஆடும் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே போய்க் கத்துவான்? அவனுக்குத் தான் ஏமாந்தோம் என்பதே தெரியாது. தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பான். கொதிக்கத் தெரிந்தவர்களைச் சந்தை காப்பாற்றும். மற்றவர்களுக்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனத்திடம் 52 கோடி டாலர் வாங்க முடிவானது. அதில் 24.5 கோடி ஆடுபவர்களுக்குத் திருப்பித் தர. எஃப்டிசி சொன்ன குற்றச்சாட்டுகளைப் படித்துப் பாருங்கள். உறக்க நிலையில் இருந்த கேமை எழுப்ப ஒரு பட்டனை அழுத்தினால் பொருள் வாங்கியதாகப் பதிவாகிவிடும். லோடிங் திரையில் இருக்கும்போதும் அப்படியே. 'நான் வாங்கவில்லை' என்று கார்டு நிறுவனத்திடம் முறையிட்டால் கணக்கையே பூட்டிவிடுவார்கள். பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பது தற்செயலாக முடிவாகாது. அதைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 27

வயதுச் சரிபார்ப்பு வேண்டும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் எனக்கும் சரியென்றே பட்டது. பெட்டியைப் பெரியவருக்கு மட்டும் விற்கலாமே.

எப்படிச் சரிபார்ப்பது என்று யோசித்தால் கால் இடறுகிறது. இந்த ஜூலையில் பிரிட்டனில் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் வயதுச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் கேமரா முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும், வாயைத் திறந்து மூட வேண்டும். டெத் ஸ்ட்ராண்டிங் கேமில் படம் எடுக்கும் வசதி இருக்கிறது, கதாநாயகனின் முகபாவத்தை மாற்றலாம். அந்தக் கேம் முகத்தை கேமரா முன் காட்டி உள்ளே போனார்கள்! சில நாட்களிலேயே செய்தியில் வந்துவிட்டது.

அதைவிடக் கவலை வேறு. அக்டோபரில் டிஸ்கார்டுக்கு வாடிக்கையாளர் சேவை செய்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தார்கள். வயதை நிரூபிக்கக் கொடுத்த அட்டைகள். கேமில் ஸ்கின் (கதாபாத்திரத்தின் தோற்றம்) வாங்கிய காசைத் திருப்பித் தரலாம், முகத்தையும் பிறந்த தேதியையும் எப்படித் திருப்பித் தருவது?

அதனால் என் எண்ணம் இப்போது இது: ஒவ்வொரு கேமும் அட்டை கேட்கக் கூடாது. போனை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அதை முதலில் அமைக்கும்போது 'இது பிள்ளையின் போன்' என்று ஒருமுறை குறித்தால், அந்த ஒரு வரியை மட்டும் கேமுக்கு அது சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். கேம் அந்த வரியை மதிக்கவில்லையென்றால் அபராதம்.

நவம்பர் 28

மேலே சொன்னதற்கு ஒருவர்: "பெற்றோர் குறிக்காவிட்டால்?" குறிக்காவிட்டால் இன்றைய நிலைமைதான். அதைவிட மோசமாகாது.

டிசம்பர் 6

கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இதுவும் கல்லா விஷயம்தான்.

எனக்கு ஒரு கார் பந்தயக் கேம் ரொம்பப் பிடிக்கும். பெயர் வேண்டாம். வேலை முடிந்து வந்து பந்தயமே ஓட்டாமல், மலைப்பாதையில் இரவு மழையில் வெறுமனே வண்டி ஓட்டுவேன். வைப்பரின் சத்தம், எதிர் வண்டியின் விளக்கு ஈரத் தாரில் நீண்டு விழுவது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. யாரோடும் போட்டி இல்லை. ஒருநாள் திறந்தால், சர்வருடன் இணைய முடியவில்லை என்று ஒரு வரி. சேவை முடிந்துவிட்டதாம். நான் தனியாக ஓட்டிய ரோட்டுக்கு சர்வர் எதற்கு? 40 ஜிபி கோப்பு இன்னும் என் டிஸ்கில் இருக்கிறது. தலைப்புத் திரை வரும், பாட்டு கேட்கும், அதோடு நிற்கும்.

இது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற கேம் 2014-இல் வந்தது, 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள். அதற்குப் பிறகு தனியாகக்கூட ஆட முடியாது. காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தும் உரிமத்தை எடுத்தார்கள். இதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து வேண்டும், இந்த ஜூலையில் அதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயமான ஒன்று: சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லவில்லை. மூடும்போது, வாங்கியவர் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள்.

வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எப்போதும் சுலபம் இல்லை. சர்வரில் மற்றவர்களிடம் உரிமம் வாங்கிய மென்பொருள் கலந்திருக்கும், பிரித்து எடுப்பது பெரிய வேலை. ஆனால் மூடும் நாளில் யோசித்தால்தான் கஷ்டம். இப்படிச் சட்டம் வரும் என்று முதல் நாளே தெரிந்தால் முதல் நாளே அதற்கேற்பக் கட்டுவோம். கட்டடத்துக்கு அவசரப் படிக்கட்டு வைப்பதுபோல.

கலிபோர்னியா வேறு வழியில் போனது. 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பட்டனில் எழுதுவதானால், இது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சின்னச் சட்டம், ஆனால் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

டிசம்பர் 7

"அரசு வேண்டாம், சந்தை போதும்" என்பவர்கள் இந்த ஜூலையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கேம் விற்கும் இணையக் கடைகளான ஸ்டீமும் இட்ச் டாட் ஐஓவும் வயது வந்தோருக்கான நிறைய கேம்களை நீக்கின அல்லது தேடலிலிருந்து மறைத்தன. எந்த நாடாளுமன்றமும் சொல்லவில்லை. பணப் பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தம். அந்தக் கேம்கள் நல்லவையா என்பது வேறு பேச்சு. சட்டமாக இருந்தால் நீதிமன்றம் போகலாம், 2011-இல் போனதுபோல 7-க்கு 2 என்று ஜெயிக்கலாம். கார்டு கம்பெனி மறுத்தால் எங்கே போவது? கட்டுப்பாடு எப்படியும் இருக்கத்தான் போகிறது. யார் போட்டது என்று பெயர் தெரிந்து, எதிர்த்துக் கேட்க வழி உள்ளதாக அது இருக்கட்டும் என்கிறேன்.

டிசம்பர் 14

முதல் கேள்வி கேட்டவர் நேராகக் கேட்கிறார்: "சரி, உங்களிடம் அதிகாரம் கொடுத்தால் எதை எழுதுவீர்கள்?"

நேரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். ரத்தத்தைப் பற்றியும் எழுத மாட்டேன். விலையை நிஜப் பணத்தில் காட்டு என்பேன், கல்லிலும் நாணயத்திலும் இல்லை. இந்த மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கின்றன: கேமுக்குள் விற்கும் பொருளின் பக்கத்தில் நிஜ விலை இருக்க வேண்டும், வேண்டாத கற்களையும் சேர்த்து வாங்க வைக்கும் பொதி கூடாது. பிள்ளையின் போனில் குலுக்கல் பெட்டி விற்காதே என்பேன். ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் நிறுவனத்தோடு எஃப்டிசி செய்த உடன்பாட்டில், 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெட்டி விற்கக் கூடாது என்று இருக்கிறது, கூடவே 2 கோடி டாலர் அபராதம். அதை எல்லோருக்கும் பொதுவாக்கலாம். மூடும் கேமை ஆடும்படி விட்டுப் போ என்பேன்.

பொய்யான அந்த மினுக்கலையும் தடை செய்வேன். இதற்கு எந்த நாட்டிலாவது சட்டத்தில் சொல் இருக்கிறதா என்று நேற்று முழுக்கத் தேடினேன்.

அக்கா மகனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கார்டை எடுத்துவிட்டோம். கேமை அழிக்கச் சொல்லவில்லை. பெட்டி இல்லாமலும் அவன் நன்றாகத்தான் ஆடுகிறான். போன வாரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், மூன்றாவது கட்டத்துப் பாலத்தை எப்படித் தாண்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

டிசம்பர் 14, இரவு

ஒரு திருத்தம். பொதியில் 500 கல், பெட்டிக்கு 600 கல் என்று நவம்பர் 12-இல் எழுதியிருந்தேன். இன்று பழைய வேலை நோட்டு கையில் கிடைத்தது. பெட்டிக்கு 650. முதலில் 500 என்றுதான் எழுதியிருக்கிறது, அடித்து 650 ஆக்கியிருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்திலேயே: "மிச்சம் எப்போதும் இருக்க வேண்டும்."